தைப்பட்டம் மலை ஏறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் நீங்கள் போடும் வீட்டுத்தோட்டப் பகுதியை நாலு வருடமாக விடாமல் படித்து வருகிறேன். படிப்பதோடு நிற்காமல் வெட்டி எடுத்துப் பழைய டைரி ஒன்றில் ஒட்டியும் வைத்திருக்கிறேன், அதனால் எந்த வாரம் என்ன எழுதினீர்கள் என்று தேதியோடு சொல்ல முடியும். பயப்பட வேண்டாம், பாதி நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். மீதிப் பாதி சண்டை.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை. கல்யாணமாகிப் பதினோரு வருடமாக இருப்பது ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், கேத்தியில். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் சரிவு, அதை மூன்று படியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் என் தோட்டம். விவசாயி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது, ஏனென்றால் எதிர்ச் சரிவில் நிஜ விவசாயிகள் கேரட் போடுகிறார்கள், அவர்களுடைய பாத்தியையும் என்னுடையதையும் ஒரே ஜன்னலில் பார்க்க முடிகிறது என்பதே எனக்குத் தினசரி அவமானம்.

சண்டைக்கு வருகிறேன். "தைப்பட்டத்தைத் தவற விடாதீர்கள்" என்று இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலை ஒட்டிய வாரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். தை மாதத்தில் விதை போடுங்கள் என்று அர்த்தம். நானும் தவற விடவில்லை. பீன்ஸ் விதையை ராத்திரி ஊறவைத்து, கீழ்ப் படியில் வரிசையாக ஊன்றி, முளைத்து ரெண்டு இலை விட்டதும் போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்பி, அம்மாவிடம் சபாஷும் வாங்கிவிட்டேன். ஒரு நாள் காலையில் ஆறரைக்குக் கதவைத் திறந்தால் புல் முழுக்க உப்புத் தூவினாற்போல் வெள்ளை. பீன்ஸ் இலைகள் கண்ணாடி மாதிரி விறைத்து நின்றன, பார்க்க அழகாகக்கூட இருந்தது, தொட்டேன், நொறுங்கவில்லை, சரி தப்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் அத்தனையும் தளர்ந்து, பத்து மணிக்கு வாணலியில் வதக்கிய கீரை மாதிரி கறுத்துத் தண்டோடு சாய்ந்துவிட்டன. ஒரு செடிகூட மிஞ்சவில்லை. மலையில் தை மாதம் என்றால் உறைபனி, அது மாசி நடுவரைக்கும் எந்த ராத்திரி வேண்டுமானாலும் வரும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதும் அப்படித்தான். ஆடியில் இங்கே தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அது ஆடி மாதம். விதையைத் தேடிப் போட்டால் மழைக்குப் பிறகு அதே விதையைப் பள்ளத்தாக்கில் போய்த் தேட வேண்டியதுதான். இங்கத்திய விவசாயிகளுக்குக் கணக்கே வேறு, விதைப்புப் பருவத்தை நீர்ப்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். அந்த மூன்று சொல்லும் நாலு வருடத்தில் ஒரு முறைகூட உங்கள் பகுதியில் வந்ததாக என் டைரியில் இல்லை.

மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டிக்கு ஏறினால் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் குளிர் கூடிக்கொண்டே போகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இத்தனை வித்தியாசம் இருக்கும்போது "கத்திரி, வெண்டை, கொத்தவரை, எளிதாக வளரும் மூன்று" என்று நீங்கள் எழுதினால், எளிது யாருக்கு? வெண்டை என் வீட்டில் நாலு அங்குலம் வளர்ந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. நிழல்வலை கட்டச் சொல்கிறீர்கள், நாங்களோ மூடுபனி விலகி ரெண்டு மணி நேரம் வெயில் வராதா என்று காத்துக் கிடக்கிறோம். காலை மாலை இரு வேளையும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறீர்கள், இங்கே சாயங்காலம் ஊற்றினால் ராத்திரிக் குளிரில் ஈரம் அப்படியே நின்று இலையெல்லாம் புள்ளி விழும். தேங்காய் நார்க்கழிவைப் பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னீர்கள், கலந்தேன், ஜூன் மழையில் தொட்டிக்குள் வேர் அழுகி நாற்றம். சமையலறைக் கழிவு 45 நாளில் எருவாகும் என்றீர்கள். எனக்கு ஐந்து மாதம் கழித்தும் வாழைப்பழத் தோல் வாழைப்பழத் தோலாகவே இருந்தது, குளிரில் மக்கவும் சோம்பல் போல.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, நாற்றைக் காப்பாற்ற பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வையுங்கள் என்ற யோசனை. நீலகிரியில் பாட்டில் தண்ணீருக்கே தடை, ஐயா.

சரி, குறை சொல்லியே பக்கத்தை நிரப்ப வேண்டாம். என் தோட்டத்துக்கு வசந்தம் வருவதைக் கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் எதை எழுதச் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி என்று மதுரையில் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தபோது அது ஏதோ கேலி என்று நினைத்தேன். வெளியே கத்திரி வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்கும். இங்கே வந்த பிறகுதான் அந்தப் பாடம் பொய்யில்லை என்று தெரிந்தது. ஆனால் மலையில் யாரும் இளவேனில் என்றோ வசந்தம் என்றோ சொல்வதில்லை, சீசன் என்பார்கள். "சீசனுக்குள்ள வெள்ளை அடிச்சிரணும்", "சீசன் முடிஞ்சு கல்யாணம் வச்சுக்கலாம்". சுற்றுலாக்காரர்கள் வரும் ஏப்ரல், மே மாதம்தான் சீசன். செடிகளுக்கு அது மாசிக் கடைசியிலேயே தொடங்கிவிடும். பேரிக்காய் மரம் இலை விடும் முன்னே வெள்ளையாகப் பூக்கும். பங்குனியில் ரோட்டோர ஜகரண்டா ஊதா நிறத்தில் கொட்டும். ஓடைக்கரையில் யாரும் நடாமலே காலா லில்லி விரியும். முதல் கோடை மழை விழுந்த மறுநாள் காலையில் மண்ணிலிருந்து ஆவி எழும்பும் பாருங்கள், அன்றைக்குக் காபி ஆறினாலும் பரவாயில்லை என்று கையில் களைக்கொத்தோடு போய் நிற்பேன்.

பனி எங்கே விழும், எங்கே விழாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் இல்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி. நீலகிரியின் படுகர் சமூகத்தவர், எழுபது வயதுக்கு மேல். பீன்ஸ் கறுத்த அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பனி தண்ணி மாதிரி கண்ணு. மேலேருந்து வழிஞ்சு கீழே வந்து தேங்கும். நீ கீழே சுவரு வச்சு அடைச்சுட்டே, அது எங்கே போகும்?" உண்மை. குளிர்ந்த காற்று கனம், சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். என் கீழ்ப் படியில் பீன்ஸ் செத்த அதே ராத்திரி, இருபதடி தள்ளி மேல் படியில் இருந்த பட்டாணி சேதாரமே இல்லாமல் நின்றது. கீழ்ச் சுவரோரம் அடர்ந்திருந்த வேலிச்செடியில் மூன்றடி அகலத்துக்கு வெட்டி வழி விட்டோம். மறு வருடம் கீழ்ப் படியிலும் பனி பாதிதான். இன்னொன்றும் செய்வார், பனி விழுந்த காலையில் வெயில் படுவதற்கு முன்னே எழுந்து இலைமேல் தண்ணீர் தெளித்து உருக்கிவிடுவார். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடி வைத்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள், பாட்டி பழைய சேலை போடுவார். எனக்கும் ரெண்டு கொடுத்தார், ஒன்று நல்ல சேலை, அதை நான் இன்னும் செடிக்குப் போடவில்லை.

மண்ணும் அப்படித்தான். களர் நிலத்துக்கு ஜிப்சம் என்று எழுதுகிறீர்கள், மலையில் மண் புளிப்பு, தேயிலைக்குச் சொர்க்கம், முட்டைக்கோசுக்கு வேர் வீங்கும் நோய். சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். இதை எனக்கு விளக்கியது ஒரு ஹைட்ராஞ்சியா. ஒரே செடியிலிருந்து கிளை ஒடித்து ரெண்டு இடத்தில் நட்டேன். ஒன்று நடுத் தோட்டத்தில், நீலமாகப் பூத்தது, நல்ல இங்க் நீலம். இன்னொன்று புதிதாகக் கட்டிய சிமென்ட் சுவருக்குப் பக்கத்தில், அது ரோஸ். யாரோ கன்றை மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். புளிப்பு மண்ணில் இருக்கும் அலுமினியத்தைச் செடி உறிஞ்சினால் பூ நீலமாகும், சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து இறங்கும் இடத்தில் அது கிடைக்காமல் ரோஸாகிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டு மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று ஹைட்ராஞ்சியாவைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுகிறோம்.

கேரட்டில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். நெருக்கமாக முளைத்த நாற்றைப் பிடுங்கி எறிய மனசு வராமல், தக்காளி நாற்று மாதிரி எடுத்து வேறு பாத்தியில் நட்டேன். நூறு நாளுக்கு மேல் காத்திருந்து பிடுங்கினால் ஒவ்வொன்றும் ரெண்டு கால், மூன்று கால், ஒன்று சம்மணமிட்டு உட்கார்ந்த மாதிரி. எதிர்ச் சரிவில் கேரட் போடுகிற அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும். நுனி வேர் உடைந்தால் கிளை விடும், கேரட்டை இடம் மாற்றவே கூடாது, நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கித்தான் எறிய வேண்டும். ஆனாலும் அந்தச் சம்மணக் கேரட்டின் ருசி, கடைக் கேரட்டில் இல்லை. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அண்ணனுக்கே ஒரு கிண்ணம் அல்வா கொடுத்தனுப்பினேன்.

மதுரைக்காரிக்கு ரெண்டு ஏக்கம் தீராது, மல்லிகையும் கறிவேப்பிலையும். மல்லிகைக் கொடி மூன்று முறை கொண்டுவந்தேன், மூன்றும் முதல் பனிக்கே போய்விட்டன. கறிவேப்பிலைக் கன்று ஒன்றைச் சமையலறை ஜன்னல் உள்பக்கம் தொட்டியில் வைத்திருக்கிறேன், மூன்று வயது, ஒரு சாண் உயரம், எண்ணினால் பதினாலு இணுக்கு தேறும். அதைக் கிள்ளித் தாளிக்க எனக்குக் கை வருவதில்லை. கடையில் வாங்கித்தான் தாளிக்கிறேன், அது ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். தங்கை இந்த மே மாதமும் ஒரு மல்லிகைக் கன்றோடு வருகிறேன் என்கிறாள். அவள் சொந்த வண்டியில் மலை ஏற இ-பாஸ் என்ற அனுமதி எடுக்க வேண்டும். நத்தைகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

நத்தை என்றதும் ஞாபகம் வருகிறது, யார் யாரெல்லாம் என் தோட்டத்தில் பங்கு கேட்கிறார்கள் என்று. கொண்டைக்குருவி ஸ்ட்ராபெரியைச் சிவந்த பக்கம் மட்டும் கொத்திவிட்டுப் பச்சைப் பக்கத்தை எனக்கு விட்டுவைக்கும். முள்ளம்பன்றி டேலியாக் கிழங்கை ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டித் தின்றுவிட்டு ஒரு முள்ளை ரசீது மாதிரி போட்டுவிட்டுப் போகும். போன வருடம் காட்டெருமை ஒன்று மேல் படியில் ஏறி நின்றது. எதையும் தின்னவில்லை, சும்மா நின்றது, ஆனால் அது நின்ற இடத்தில் என் பட்டாணிப் பந்தல் இருந்தது. அதைத் திட்ட முடியுமா? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து "போப்பா, போப்பா" என்று கெஞ்சினேன்.

இவர்களைக்கூட மன்னித்துவிடலாம், கண்ணால் பார்க்க முடிகிறது. வெட்டுப்புழுதான் என்னை அழவைத்தது. சாயங்காலம் நட்டு வைத்த முட்டைக்கோசு நாற்று காலையில் தரையோடு தரையாக அறுபட்டுக் கிடக்கும், தின்றிருக்கவும் தின்றிருக்காது, அறுத்துப் போட்டிருக்கும். ஒரே வாரத்தில் பதினெட்டு நாற்று. ஒரு ராத்திரி டார்ச்சோடு போய் உட்கார்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. விடிந்ததும் அறுபட்ட நாற்றின் அடியில் விரலால் ஒரு அங்குலம் மண்ணைக் கிளறினேன், சாம்பல் நிறத்தில், கொழுத்து, வளையம் மாதிரி சுருண்டு படுத்திருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாப்பிள்ளைத் தூக்கம். அதற்கு மருந்து உங்கள் நாளிதழ். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தாளை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, நாற்றின் தண்டைச் சுற்றித் தளர்வாக ரெண்டு சுற்றுச் சுற்றி, பாதி மண்ணுக்குள் புதைகிற மாதிரி வைத்தால் புழுவால் தண்டைக் கட்டிப்பிடித்து அறுக்க முடியாது. தண்டு முற்றுவதற்குள் தாள் தானே மக்கிவிடும். இப்போது மேல் படி முழுக்க உங்கள் தலைப்புச் செய்திகள்தான். ஒவ்வொரு முட்டைக்கோசும் ஒரு அமைச்சரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நிற்கிறது.

போன சித்திரையில் பெரிய ஆசை ஒன்றும் வந்தது. மலர்க்காட்சியை ஒட்டி வீட்டுத் தோட்டங்களுக்கும் போட்டி நடக்கிறதே, நாமும் பேர் கொடுத்தால் என்ன என்று. சீசன் என்றால் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தரம், ஆகவே அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய கடைசித் தண்ணீர் எல்லாம் குடத்தில் சேர்த்துச் செடிகளை ஒரு மாதம் காப்பாற்றினேன். பான்சியும் பெட்டூனியாவும் முகம் காட்டிய நேரம், ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருட்டி ஆலங்கட்டி மழை. கொண்டைக்கடலை அளவுதான், ஏழெட்டு நிமிஷம்தான். கையில் கிடைத்த முறத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன், எந்தத் தொட்டிக்குப் பிடிப்பது? ஜெரேனியம் தொட்டிக்குப் பிடித்தேன், அதுதான் அருகில் இருந்தது. மழை நின்றதும் பார்த்தால் ஹைட்ராஞ்சியா இலை எல்லாம் சல்லடை. பேர் கொடுக்கவில்லை. ஜெரேனியம் மட்டும் மறுநாள் எதுவும் நடக்காதது மாதிரி பூத்தது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த நாலு வருடத்தில் நான் செய்த தப்புகளில் பாதி, யாராவது ஒருவர் மலைக்கென்று எழுதியிருந்தால் செய்திருக்கவே மாட்டேன். நாளிதழ்கள் மதுரையிலும் கோவையிலும் சென்னையிலும் இருக்கின்றன, தோட்டக் கட்டுரை எழுதுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உங்களுக்கு வாசகர்கள் இருக்கிறார்கள், எங்களிடமும் தொட்டி இருக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவே முதலில் ஒரு காய்கறித் தோட்டமாகத்தான் தொடங்கியது, தெரியுமா? 1840களில் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுத் தங்கள் சமையலுக்குக் காய் விளைவிக்க ஆரம்பித்தார்கள், 1848ல் மக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வந்த பிறகுதான் அது பூங்காவாக உருவெடுத்தது. அவர்களும் வேற்று ஊர் விதையை வைத்துக்கொண்டு எது பிழைக்கும், எது பிழைக்காது என்று தடுமாறியவர்கள்தான். உங்கள் நாளிதழுக்கு நானும் மாதாமாதம் சந்தா கட்டுகிறேன், அந்த உரிமையில் கேட்கிறேன்.

மாதம் ஒரு முறை, கால் பக்கம் போதும். எழுத ஆளில்லை என்று சொல்லாதீர்கள், கேத்தியில் கேரட் அண்ணன் இருக்கிறார், வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டி இருக்கிறார், அவர்கள் பேசினால் நான் எழுதித் தருகிறேன், எழுத்துப் பிழையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரி என்று மொத்தமாகவும் போட்டுவிட வேண்டாம். கூடலூர் ஆயிரம் மீட்டர் உயரம், அங்கே மிளகும் ஏலமும், ஊட்டி அதற்கு ரெண்டு மடங்குக்கு மேல், ஊட்டிக்குச் சொன்னது கூடலூருக்கு ஒத்துவராது. எந்த உயரத்தில், எந்த வாரம், எது என்று போட்டால் போதும். குளிர்காலத்தில் முந்தின ராத்திரியின் குறைந்தபட்ச வெப்பநிலையைத் தினமும் ஒரு மூலையில் போட்டால் இன்னும் புண்ணியம், பாட்டியின் சேலையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணிக்கொள்வேன்.

ஒன்றே ஒன்று. அந்தப் பகுதியை ஞாயிறு இணைப்பின் வழவழப்பான கலர் தாளில் போட்டுவிடாதீர்கள், சாதாரணத் தாளிலேயே வரட்டும். கலர் தாள் நாற்றைச் சுற்றினால் நிற்காமல் விரிந்துகொள்கிறது, மண்ணிலும் சீக்கிரம் மக்குவதில்லை.

இப்படிக்கு,
வாசகி,
கேத்தி, நீலகிரி